பேசாத வரிசை

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாது. கோபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நேரே போய் நிற்பேன். கேட்கிறவர்கள், "அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்பார்கள். திரும்பி வந்து சொல்வதற்குள் பாதி மறந்திருக்கும். போன வாரம் இதே பஸ்ஸில் ஒரு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நல்ல எடம்தான் போல இருக்குதுங்களே" என்றார். எனக்கு வயிறு எரிந்துவிட்டது. நான் சொன்ன லட்சணம் அப்படி. இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் எதுவும் கேட்காதீர்கள், எனக்கு வழி தப்பிவிடும்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் ஏறினதுமே உங்கள் காலடியில் அந்தத் தலையணையையும், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத பக்கெட்டையும் பார்த்துவிட்டேன். இந்த மாதத்தில் சத்தியமங்கலத்திலிருந்து இந்தப் பஸ்ஸில் ஒரு குடும்பம் பக்கெட்டோடு போகிறதென்றால், அது மலையடிவாரத்தில் இருக்கிற அந்த யுனிவர்சிட்டிக்குத்தான். பாப்பாவை ஒரு வாரம் தங்கவைத்துப் பார்க்கப் போகிறீர்கள். சரிதானே? அங்கே அப்படித்தான் வழக்கம். இடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் இருந்து பார் என்பார்கள். கடைசி நாள் பிள்ளையை மட்டும் தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்பார்கள். பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். பத்து மாதம் சுமந்தவள் வெளியே. இதை மனசில் வையுங்கள்.

எனக்கு ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை, பீஸ் என்போம், டேபிளில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. படிப்பை விட்ட நாளிலிருந்து அதே வேலைதான். முதுகுக்குப் பின்னால் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவளிடம் 'தண்ணி கொடு' என்பதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் என் குரல் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள். பார்க்கட்டும். அவர் வீட்டிலும் பெண் பிள்ளை இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு ஒரே மகள். சுபிக்ஷா. சுபி என்போம். சின்னதிலிருந்தே அமைதி. அவளால் ஒரு சத்தம் வந்ததில்லை, ஒரு சண்டை வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும், "உம் புள்ள இருக்கற எடமே தெரியறதில்ல வசந்தாமணி" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டில் அடி கிடையாது, வசவு கிடையாது. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் நாத்தனார் மரகதம், அவர் மகன் கல்யாணத்தன்று எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கு கண்டெய்னரில் கிளம்புகிற அவசரம். ஆரத்தி எடுக்கிற நேரத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு நிறுத்தினார் பேச்சை. சுபி அப்போது பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்தாள், இப்போது காலேஜ் படிக்கிறாள், இன்னும் ஒரு வார்த்தை இல்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு என் புருஷனைப் பார்த்து, "அவங்களுக்குச் சோறு வேணுமான்னு கேளு" என்பார். நானும் சும்மா விடவில்லை. "எனக்குப் போதும்னு உங்க அக்காகிட்டச் சொல்லுங்க" என்பேன். இவருக்கு இந்த வேலையெல்லாம் வராது. இவர் அயர்ன் மாஸ்டர், பேசுவதே குறைவு, நழுவிவிடுவார். அதனால் சுபியைத்தான் தூது அனுப்புவோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடிச் சொல்லுவாள். அத்தை சொன்னதை அத்தை குரலிலேயே என்னிடம் சொல்லுவாள், நான் சொன்னதை என் குரலிலேயே அங்கே போய்ச் சொல்லுவாள். அவ்வளவு கெட்டிக்காரி. அவளுக்கு அது விளையாட்டு மாதிரி.

பன்னிரண்டாவதில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல். எங்கள் வீதியில் இரண்டு பெண்கள் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் படிக்கிறார்கள். காலேஜ் பஸ் வீட்டு முனைக்கே வரும். ஆண்டு விழா, பொங்கல் விழா, கோலப் போட்டி என்று எப்போதும் கலகலப்பு. அங்கே சேர்த்தால் தெரிந்த பிள்ளைகள், பேச்சுத் துணை, நமக்கும் நாலு பேர் மூலமாகச் சேதி வரும். நான் அதைத்தான் நினைத்திருந்தேன். நடுவில் அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து இந்த இடத்தைச் சொல்லிவிட்டார். அமைதியான இடமாம். படிப்பென்றால் படிப்பு மட்டும்தானாம். ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தானாம். ஆட்டம் பாட்டம் கிடையாது. சரி, ஆட்டம் பாட்டம் இல்லையென்றால் பயமும் இல்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கொண்டுபோய் விட்டோம். போன் ஆபீசில் இருக்குமாம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தருவார்களாம். முதல் மூன்று நாள் அவள் கூப்பிடவே இல்லை. நான் டேபிளில் நின்றால் கறை படிந்த பனியனையெல்லாம் நல்லதென்று தள்ளிவிட்டேன், சூப்பர்வைசர் சத்தம் போட்டார். கடைசி நாள் போய் அந்த அறைக்கு வெளியே நின்றோம். கதவு திறந்தது. வெளியே வந்து, "இருக்கேம்மா" என்றாள். என்னைக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கிறேன், என்னமோ மாதிரி இருந்தது, பார்த்துப் பழகாத முகம். உள்ளே பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். இவரிடம் சொன்னால், "அவ சிரிச்சா. நீ பாக்கல?" என்கிறார். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் சிரிப்பு. அது வேறு என்னமோ.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பெற்றவர்கள் போய்ப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. முதல் தடவை போனபோது கோழி வறுவல், முட்டை, அவள் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து முறுக்கு. சாப்பாட்டு ஹாலுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவு பெரிய ஹால். பேச்சே இல்லை என்று சொல்ல மாட்டேன், பொய் சொல்லக்கூடாது. பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. சுபியைத் தேடுகிறேன், எந்தக் கூட்டத்திலும் இல்லை. கடைசியில் சுவரோரமாக ஒரு வரிசை. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் பிள்ளைகள், தட்டும் புத்தகமுமாக, யாரும் யாரோடும் பேசாமல். அதில் ஒருத்தி என் மகள். ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அறையில் ஜெபஸ்டினா என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கம். அந்தப் பெண் தட்டோடு அந்த வழியாகப் போனாள். நின்றாள். என் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் மேஜையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். என் மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் போய் வேறு மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மரகதம் அண்ணி வீட்டுப் பொங்கல் கண்முன்னால் வந்துவிட்டது. சோறு போடுவார்கள், முகம் பார்க்க மாட்டார்கள். அதை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். என் பிள்ளையை அப்படி ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டு ஹாலின் நடுவில் போய் நின்றேன்.

"எம் புள்ள என்னங்க தப்புப் பண்ணிப்போட்டா? எதுக்கு அவள இப்படித் தனியா ஒதுக்கி வெச்சிருக்கீங்க? யாராச்சும் பதில் சொல்லுங்க" என்றேன்.

என் குரலைத்தான் நீங்கள் கேட்கிறீர்களே. சோறு போடுகிறவர்கள்கூடக் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குற்றம் செய்தவர்கள் எப்படித் திறப்பார்கள்? சுபி எழுந்தாள். தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். கேரியரை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அது பேசாத வரிசைம்மா. பேச வேண்டாம்னு தோணுனா அங்க போய் உக்காரலாம். நானாத்தான் உக்காந்தேன். நாளைக்கு வேற மேஜைக்குப் போவேன்."

"பேச வேண்டாம்னு எதுக்குத் தோணோணும்?"

"தோணும்மா."

"யாரு மேல கோவம்?"

"யாரு மேலயும் இல்ல."

நீங்களே சொல்லுங்கள். கோபம் இல்லாமல் ஒருத்தி பேசாமல் இருப்பாளா? உலகத்தில் எங்கேயாவது உண்டா?

அறைக்குப் போனோம். அங்கே நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து என் கோழி வறுவலைத் தின்றார்கள். நன்றாகத்தான் தின்றார்கள், குறை சொல்லவில்லை. நான் அந்த ஜெபஸ்டினாவிடம், "ஏங்கண்ணு, எம் புள்ளகூட நீயாச்சும் நாலு வார்த்த பேசப்படாதா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யம்மா, இவளா? இவ வாயத் தொறந்தா எங்களுக்கு வயிறு வலிச்சிரும். ஒங்கள மாதிரியே பேசுவா. 'ஏனம்மிணி, பீஸ அங்க வெக்காத, கறை ஒட்டிக்கும், அப்பறம் ஆரு பதில் சொல்றது?' அப்படியே நீங்கதாம்."

இன்னொரு பெண், அவள் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, "அதவிட அத்தை சண்டைதான் ஆன்ட்டி சூப்பர். 'அவங்களுக்குச் சோறு வேணுமான்னு கேளு.' இவ ரெண்டு பக்கமும் ஓடி ஓடிப் பேசறப்ப எங்களால முடியாது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சுபி, "ஜெபா, போதும்டி" என்றாள். நானும் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது. பதினெட்டு வருஷம் வளர்த்த என்னை ஒரு நாள் சிரிக்கவைத்ததில்லை அவள். அங்கே போய் எங்கள் வீட்டை மேடையேற்றி நாலு பேரைச் சிரிக்கவைக்கிறாள். இதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? வீட்டில் வாயே திறக்காத பிள்ளை. அந்த இடம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது என்று.

வார்டன் விசாலாட்சி மேடத்திடம் போனேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். குடிக்கவில்லை. மார்க் என்ன என்று கேட்டேன். கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பள்ளிக்கூடத்தில் நூறு வாங்கியவள்.

"பயந்துராதீங்கம்மா. முதல் வருஷம் இங்க எல்லாருக்கும் எறங்கித்தான் ஏறும். சுபிக்ஷா நல்லாக் கேள்வி கேக்கறா" என்றார்.

சுபியிடம் கேட்டால், "அங்க புரியாமயே நூறு வாங்குனேம்மா. இங்க புரியலன்னு கையத் தூக்கறேன். யாரும் சிரிக்கறதில்ல" என்கிறாள்.

நூறு வாங்கியவள் புரியவில்லை என்று கையைத் தூக்குகிறாள், அதில் ஒரு பெருமை. கேட்டுக்கொள்ளுங்கள். படிப்புக்குப் பேர்போன இடம் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னேன். "துணிய எடுத்துட்டு வா. கோயமுத்தூர்ல இன்னும் எடம் இருக்குதாம். அப்பாவ விட்டுப் பேசச் சொல்றேன்."

"வரலம்மா."

"நான் சொல்றேன்."

"தெரியுதும்மா. எனக்கு இங்க சரியா இருக்கு. வரல."

சத்தம் போடவில்லை, அழவில்லை. மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்படின்னா இனி எங்கூடப் பேசாத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த தண்டனை அது ஒன்றுதான். இரண்டு வாரம் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். நானே மரகதம் அண்ணி பேச்சை நிறுத்தின புதிதில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதவள். இவள் குழந்தை, எத்தனை நாள் தாங்குவாள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் போனுக்குக் கூப்பிடுவாள். இவர் ஸ்பீக்கரில் போடுவார். நான் பாத்திரத்தை உருட்டிக் கழுவுவேன்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா?"

"இருக்கறா சாமி."

"சரி. எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசட்டும். எனக்குக் கோவம் இல்லன்னு மட்டும் சொல்லிருங்க."

ஒவ்வொரு வாரமும் இதேதான். ஒரு வாரமாவது குரல் உடையும், 'அம்மாகிட்டக் குடுங்கப்பா' என்று கெஞ்சுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பாட்டுக்குக் காலையில் எழுந்து அவரைக்காய் நறுக்கித் தந்தாள், மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள், சாயங்காலம் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு டம்ளருக்குப் பக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். நின்றாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னையே கேலி செய்கிறாள், எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

மூன்று நாளும் அவள் முகத்தில் வாட்டமே இல்லை. நான்தான் சரியாகத் தின்னவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். அதை மழுங்கச் செய்துவிட்டார்கள் அந்த இடத்துக்காரர்கள். பேசாமல் இருப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், பெற்றவள் எதை வைத்து அவர்களைத் திரும்ப இழுப்பது?

அதனால்தான் இந்தப் பஸ்.

போன மாதக் கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இந்தப் பக்கம் வந்தேன். உங்களை மாதிரியே ஒரு குடும்பம், பக்கெட்டும் பாயுமாக. அப்பாக்காரர் எலெக்ட்ரீஷியன். பெண் பிள்ளை கொலுசு போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது. நான் இதையெல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த அப்பாவின் முகம் சுருங்கியது. பாதி வழியில் இறங்கி எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பல நாளைக்குப் பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அங்கே ஒரு கட்டில் காலியாகக் கிடக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் விசாலாட்சி மேடம் யோசிக்கட்டும், ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று. காரணம் தெரியாமல் தவிக்கிற தவிப்பை அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறேன். இவரிடம் பண்ணாரி கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறேன். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள், நல்ல காரியம்தானே.

அது கிடக்கட்டும், உங்கள் பாப்பாவைப் பார்க்கிறேன், நான் உட்கார்ந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையை எங்கே சேர்க்க வேண்டும்? கலகலப்பான இடத்தில். நாலு பேர் பிடித்து இழுத்துப் பேசவைக்கிற இடத்தில். அங்கே போனால் இதைப் பிடித்து இழுக்க ஆள் கிடையாது. என்ன கண்ணு? என்ன கேட்டாய், கொஞ்சம் சத்தமாகக் கேள். அந்த வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமா என்றா? யார் வேண்டுமானாலும் உட்காரலாம் கண்ணு. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மூன்று வேளையும் உட்கார்ந்தாலும் கேட்க மாட்டார்கள். பார்த்தீர்களா, பிள்ளை எழுந்து ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறது. பயம் வந்துவிட்டது. நல்லது, இப்போதே வருவது நல்லது.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் அங்கே தெரிந்துவிட்டது. திரும்பிப் போன குடும்பத்தில் யாரோ போன் செய்து, பஸ்ஸில் ஒரு அம்மா இப்படிச் சொன்னார் என்று கேட்டிருக்கிறார்கள். எடுப்பான குரல், திருப்பூர்ப் பேச்சு, பேசாத வரிசை, கோழி வறுவல். வார்டனுக்குப் புரியாவிட்டாலும் என் மகளுக்குப் புரியாமல் போகுமா? லீவுக்குக்கூட வீட்டுக்கு வராமல், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒத்தாசையாக அங்கேயே இருக்கிறாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் நடுவிலேயே கூப்பிட்டு ஸ்பீக்கரில் சொன்னாள்.

"அப்பா, அம்மாவக் கொஞ்சம் தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. இதக் கேக்கணும்."

நான் குழாயை நிறுத்தவில்லை. குறைத்தேன்.

"பஸ்ல ஒரு அம்மா எல்லாருகிட்டயும் பேசறாங்களாம். யாருன்னு நான் மேடத்துகிட்டச் சொல்லல. அடுத்த வாரத்துலேருந்து வர்றவங்கள ஏத்திவிட நானே சத்தி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்னு சொல்லியிருக்கேன். அங்க அவங்கள ஒரு தடவ பாத்தேன்னா, நான் இனி வீட்டுக்கு வர மாட்டேம்ப்பா. தீபாவளி, பொங்கல் எதுக்கும். கோவத்துல சொல்லல. என்னால வர முடியாது, அவ்வளவுதான்."

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரது?" என்றார். "எனக்கென்ன தெரியும்" என்றேன். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி சூட்டில் தன் சட்டையையே தீய்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு துணி தீய்ந்ததில்லை அவர் கையில்.

வர மாட்டேன் என்று சொன்னால் வர மாட்டாள். அவள் மரகதம் அண்ணி மாதிரி இல்லை, என்னை மாதிரியும் இல்லை. நாங்கள் பேச்சை நிறுத்தினாலும் வந்து உட்கார்ந்து எதிரே சாப்பிடுவோம். இவள் கோபமே இல்லாமல் வராமல் இருந்துவிடுவாள். அதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதற்காக இந்த இடத்தைச் சும்மா விட்டுவிட முடியுமா? விட முடியாது. அதனால் ஜாக்கிரதையாக இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குள் நான் போவதே இல்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊரைத் தாண்டி அந்த அரிசி மில் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன். நான் அங்கே ஏறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

உங்களை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டது ஒரு பெண்தானே? கையில் அட்டை வைத்துக்கொண்டு? உயரமா, இந்த உயரம்? இடது புருவத்தில் சின்னத் தழும்பு? என்ன போட்டிருந்தாள்? பச்சைச் சுடிதாரா. அது நான் எடுத்துக் கொடுத்தது. துவைத்துத் துவைத்து வெளுத்திருக்குமே, வெளுத்திருந்ததா? கன்னம் ஒட்டியிருந்ததா? வெயிலில் நின்றாளா, நிழலில் நின்றாளா? பக்கெட்டை அவளே தூக்கி உள்ளே வைத்தாளா. வைப்பாள். பேசினாளா உங்களோடு? நன்றாகவா? எவ்வளவு நேரம்? பாப்பாவைச் சிரிக்கவைத்தாளா. என்ன சொல்லிச் சிரிக்கவைத்தாள்? வேண்டாம், அதைச் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள்.

"பின்னாடி சீட்டுல உக்காராதீங்க அம்மிணி, ரோடு தூக்கித் தூக்கிப் போடும், போய்ச் சேர்றப்ப பீஸ் பீஸாத்தான் எறங்குவீங்க." அப்படியா சொன்னாள். இப்படித்தான், இதே என் குரலிலா. சரி. சரிங்க.

இதோ ஸ்டாப் வந்துவிட்டது. நான் இறங்கிக்கொள்கிறேன். அடுத்தது வாசல், அங்கே நான் இறங்குவதில்லை, வாட்ச்மேனுக்கு என் முகம் தெரியும். நான் சொன்னதையெல்லாம் யோசித்துப் பாருங்கள். பாப்பாவை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். விட்டால் அனுபவிப்பீர்கள், நான் சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்ததாக மட்டும் அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் கடைசிக் குடும்பத்தை ஏற்றிவிட்டு அவளும் இந்தப் பஸ்ஸில்தான் திரும்புவாள். ஜன்னலோரம்தான் உட்காருவாள், சின்னதிலிருந்தே அப்படி. அவள் பஸ் போன பிறகு எதிர்ப் பக்கம் எனக்கு ஒரு பஸ் உண்டு. அதற்கு முன்னால் ஒரு பஸ் இருக்கிறது, அது எனக்குத் தோதுப்படாது. போன வாரம் இந்த நிழற்குடையில்தான் இருந்தேன். அவள் பஸ் வளைவில் ஹாரன் அடித்ததும் சேலையைத் தலைக்கு மேல் இழுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சத்தம் அடங்குகிற வரைக்கும் திரும்பவே இல்லை.